இழுப்பு

கொல்லயில்,
11 ஜூன் 2024

ஷிஜு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் வெறும் ஷிஜு.

நேற்று எங்கள் மொபைல் கடைக்கு ஆட்டோ ஓட்டும் கனகதாஸ் அண்ணன் வந்தார். அவர் போனுக்கு ஸ்பீக்கர் மாற்றிக் கொடுத்தேன். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டைப் போட்டார். "கேட்டியா மக்கா, நம்ம ஊருக்காரப் பயலுக்க பாட்டாக்கும். கொள்ளாம் இல்லியா?" என்றார். உன் குரல். பாட்டின் பெயர் 'செக்போஸ்ட்'. சவம், பாடிவிட்டுப் போகட்டும் என்று நான் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணம் முடிந்து கிட்டார் வந்ததும் கையிலிருந்தது கீழே விழுந்துவிட்டது.

அது நான் வாசித்தது. ஏழு வருடத்துக்கு முன் அமரவிளையில் ஜெயதாஸ் அண்ணனின் மைக்செட் கடையில், சாமான் வாடகைக்குப் போகாத நாளாகப் பார்த்து மூன்று பாட்டுப் பதிவு செய்தோமே, அதில் உள்ளது. நாற்பத்திரண்டு நொடி. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனதுகூட அப்படியே இருக்கிறது. கீழே 'கிட்டார்: ஷிஜு' என்று போட்டிருக்கிறாய். லாரியையும் நீதான் ஓட்டினாயா?

ஏழு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். அதை விடு. என் காரியம் வேறு. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கிற ராக் விழாவில் புதிய கிட்டார்காரர்கள் நாலு பேரை மேடையேற்றுகிறார்கள். சொந்தமாக ஒரு சத்தம் வைத்திருக்க வேண்டும், முப்பது வயது தாண்டக் கூடாது என்பது விதி. வருகிற ஜனவரியில் எனக்கு முப்பது முடிகிறது. அனுப்ப என்னிடம் இருப்பது அந்த ஒரு சத்தம்தான். செப்டம்பர் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அதற்குள் அந்தப் பாட்டின் கீழே என் பெயர் வந்தாக வேண்டும். பணம் ஒரு சக்கரம் வேண்டாம். பெயர்.

போனில் கூப்பிட்டுப் பார்க்காதே, உன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறேன். போனில் நீ 'மக்கா' என்று ஒரு சொல் சொன்னால் நான் இளகிப்போவேன், அது எனக்கே தெரியும். எழுது. தமிழிலேயே எழுது. பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனில் ஒரே பெஞ்சு வரிசையில் இருந்து படித்தது இதற்காவது உதவட்டும்.

ஜீனா


கொச்சி,
24 ஜூன் 2024

ஜீனா மக்கா,

போனில் சொல்லத்தானே தடை? எழுத்தில் சொல்லலாம் அல்லவா?

உன் கோபம் நியாயம்தான். முழுக்க நியாயம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பதிவு நம் நாலு பேருக்கும் உரியது. பாட்டு வெளியிடுகிற கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது, அதில் கிட்டாருக்கு ஒரே ஒரு கட்டம். பேண்டில் இப்போது கிட்டார் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான், அதனால் என் பெயரை எழுதினேன். உன் பெயரை எழுதினால் நீ கையெழுத்துப் போட வேண்டும். உன்னைக் கூப்பிட்டால் எடுக்கமாட்டாய். நான் என்ன செய்ய?

பழையதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் நீயே ஆரம்பித்தாய். நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் கொச்சிக்கு நாலு டிக்கெட்டை வைத்துக்கொண்டு நானும் உண்ணியும் விபினும் நின்றோம். ரயில் நகர்ந்த பிறகும் நான் கதவில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். நீ வரவில்லை. பயந்துவிட்டாய் என்று உண்ணி சொன்னான். இன்றுவரை நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வராதவளின் பங்கையும் சுமந்துகொண்டு ஏழு வருடம் இங்கே கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்தோம், தெரியுமா உனக்கு?

இனி உள்ளதைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 24 இங்கே பெரிய மேடை. வருகிறவர்கள் எல்லாரும் அந்த நாற்பத்திரண்டு நொடிக்காக வருகிறார்கள். எனக்கு அது வரவில்லை ஜீனா. நீ வைத்திருந்த அதே கிட்டார் வாங்கினேன், அதே பெடல் வாங்கினேன். வருகிற சத்தம் கடையில் வாங்கின சத்தமாகவே இருக்கிறது. பழைய பதிவை ஓடவிட்டுக் கையை மட்டும் ஆட்டு என்கிறான் உண்ணி. அந்தக் கேவலத்தை நான் செய்யமாட்டேன்.

எப்படி வாசித்தாய் என்று சொல். மேடையில் மைக்கில் நின்று 'இது ஜீனாவுடைய சத்தம்' என்று சொல்வேன். மறுநாளே பாட்டின் கீழும் மாற்றுவேன். சத்தியமாக்கும்.

ஷிஜு


கொல்லயில்,
2 ஜூலை 2024

ஷிஜு,

தான் களவாண்ட வீட்டுக்காரியிடமே வந்து 'இந்தப் பூட்டு எப்படித் திறக்கும்' என்று கேட்கிற கள்ளனை முதல்தடவையாகப் பார்க்கிறேன்.

நான் பயந்து வராமல் இருக்கவில்லை. அன்று விடியும்போது அம்மைக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஆறு மணிக்கே உண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அவன் உன்னிடம் சொல்லவில்லையா? ஏழு வருடமாக ஒரே அறையில் கிடக்கிறீர்களே, அப்படி என்னதான் பேசுவீர்கள்? கேட்டுப் பார் அவனிடம். கேட்டுவிட்டு, 'பயந்துவிட்டாய்' என்று எழுதின வரியைத் திரும்பவும் ஒருமுறை வாசித்துப் பார்.

சரி. வாக்குக் கொடுத்திருக்கிறாய், நம்புகிறேன். நம்பாமல் எனக்கு வேறு வழியும் இல்லை.

நீ ட்யூனரை வைத்துக் கம்பிக்குச் சுருதி கூட்டுகிறாய். நான் அப்படிக் கூட்டினதே இல்லை. எனக்குச் சுருதி என்றால் எங்கள் சபையில் கிடக்கிற, காலால் மிதிக்கும் ஆர்மோனியம்தான். வெள்ளைக்கார மிஷனரி விட்டுப்போன சாமான். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் பாதி இறங்கித்தான் அது பேசும். சபை முழுவதும் அதோடு சேர்ந்து இறங்கிப் பாடும், ஒருவருக்கும் குறை தெரியாது. என் கிட்டாரையும் பதின்மூன்று வயதில் அதற்கே கூட்டினேன், ட்யூனர் வாங்கின பிறகும் மாற்றவில்லை. கம்பி கொஞ்சம் தளர்ந்து நிற்கும். அதனால்தான் இழுத்த இழுப்புக்கு வரும். உன் பேண்டு முழுவதையும் அந்தப் பாதிக்கு இறக்கு. விபின் கீபோர்டை வைத்துக்கொண்டு கத்துவான், கத்தட்டும்.

ஜீனா


கொச்சி,
19 ஜூலை 2024

ஜீனா,

உண்ணியிடம் கேட்டேன். 'மறந்துபோச்சு' என்றான். ஏழு வருடத்துக்குப் பிறகு இதற்கு நான் அவனை அடிக்கவா? மாமிக்கு அப்படி ஆனது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்.

சுருதி இறக்கினேன். பாதி வந்துவிட்டது, மீதி வரவில்லை. நான் இழுத்தால் கம்பி போக வேண்டிய இடத்துக்குச் சுத்தமாகப் போய் நிற்கிறது. உன்னுடையது போய்ச் சேருமா சேராதா என்று கேட்கிறவனைக் காக்க வைக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் சத்தமே இல்லை, அப்புறம் கீழே எங்கேயோ இருந்து ஏறி வருகிறது. தப்பு விழுந்துவிட்டது என்று ஜெயதாஸ் அண்ணன் அன்று அதை அழிக்கப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? நாம்கூட அதற்கு 'இழுப்பு' என்று பேர் வைத்தோம். அந்த இழுப்பு எந்த விரலில் இருக்கிறது? அதை மட்டும் சொல். இன்னும் முப்பத்தாறு நாள்தான் உண்டு.

ஷிஜு


கொல்லயில்,
28 ஜூலை 2024, ஞாயிறு

ஷிஜு,

இதை எழுத வேண்டாம் என்று நாலு நாள் இருந்தேன். இன்று ஆராதனை முடிந்து வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் பேர் வைத்தோம் என்கிறாய். பேர் வைத்தவள் நான் ஒருத்தி. கம்பியை இழுப்பதால் இழுப்பு என்று நீங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டீர்கள். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, திருத்தவில்லை. அது நெஞ்சில் வருகிற இழுப்பு ஷிஜு. எனக்க அம்மைக்க இழுப்பு.

என் அம்மை ரத்னபாய் சபைப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி, உனக்குத் தெரியும். நான் எட்டாவது படிக்கும்போது அவளுக்கு இந்தச் சீக்கு வந்தது. பாட்டின் வரி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். மற்றவர்கள் பாடிக்கொண்டு போவார்கள், இவள் வாயைத் திறந்தபடி தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். மூச்சு கிடைத்ததும் கீழ்ச் சுருதியில் பிடித்து, ஏறி ஏறி மற்றவர்களோடு போய்ச் சேரப் பார்ப்பாள். சில வரியில் சேர்ந்துவிடுவாள். சில வரியில் அதற்குள் பாட்டே முடிந்துபோகும். பின்வரிசையில் சிரிப்பார்கள். "ரத்னபாய், நீ இருந்துக்கிட்டு மனசுக்குள்ள பாடு, கர்த்தருக்கு அதும் கேக்கும்" என்றார் ஈசாக் உபதேசியார். "மனசுக்குள்ள பாடினா எனக்கு மூச்சு முட்டும் உபதேசியாரே" என்றாள் இவள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

அந்த வருடம்தான் சபையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார்கள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் மூச்சு நிற்கிற இடத்தில் கிட்டாரையும் நிறுத்தினேன். அவள் கீழே இருந்து ஏறும்போது கம்பியையும் கீழே இருந்து இழுத்து ஏற்றினேன். கிட்டாரும் சேர்ந்து நின்றால் பாட்டே அப்படித்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள் இல்லையா? நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றது. நான் இப்படித்தான் வாசிக்கப் படித்தேன். வேறு மாதிரி எனக்கு வராது. எதற்காக அப்படி வாசிக்கிறேன் என்று அம்மைக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் எப்படிச் சொல்ல?

இனி உனக்கு வேண்டியது. கம்பியைத் தட்டும் முன் வால்யூம் திருகியைச் சுண்டுவிரலால் மூடி வை, தட்டினபின் பைய்யத் திற. அது மூச்சு உள்ளே போகிற சத்தம். இழுக்கும்போது முக்கால் வழியில் நில். மூச்சு முடிகிற இடத்தில் உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக் கொல். பிறகு ஒரு கட்டை கீழே பிடித்துத் திரும்பவும் ஏறு, சேர வேண்டும் என்று அவசரப்படாதே. வாசிக்கும்போது உன் மூச்சையும் பிடித்துக்கொள். முட்டும்போது விரலுக்குத் தானாகத் தெரியும்.

மேடையில் என் பெயர் மட்டும் போதாது. ரத்னபாய் என்ற பெயரும் வேண்டும்.

ஜீனா


கொச்சி,
2 செப்டம்பர் 2024

ஜீனா,

வந்துவிட்டது! மூச்சைப் பிடி என்றாயே, அதுதான் மந்திரம். எட்டாயிரம் பேர். அந்தச் சத்தம் இல்லாத இடத்தில் ஒருத்தனும் அசையவில்லை. மேடையில் நின்று எனக்கு அழுகை வந்தது.

பெயரைச் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைவு. ஆனால் பாட்டு முடிந்ததும் கூட்டம் கூவின கூவலில் சவுண்ட்காரன் மைக்கைக் குறைத்துவிட்டான். பாட்டின் கீழே மாற்றக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். ஓணம் கழியட்டும் என்கிறார்கள்.

இனி ஒரு காரியம். நீயாகத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். டிவியில் பேட்டி எடுத்தார்கள். இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண், அனகா, கேட்டாள். நான் உள்ளதைத்தான் சொல்லத் தொடங்கினேன். ஓர் அம்மையின் இழுப்பு நோயில் இருந்து வந்தது என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. 'உங்க அம்மையா?' என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் யார், எப்போது, அந்தக் கிட்டார்காரி எங்கே என்று ஆயிரம் கேள்வி வரும், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டேன். ஒரு தலையாட்டுதான் ஜீனா. அப்புறம் அவள் கேட்டதற்கெல்லாம் அதற்கு ஏற்றமாதிரி பதில் சொல்ல வேண்டி வந்தது. கோவிலில் அம்மை பஜனை பாடுவாள் என்று சொன்னேன், மூச்சு நிற்கும் என்று சொன்னேன். ஆட்கள் சிரித்ததைக்கூடச் சொல்லிவிட்டேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரும். மாமி பார்க்காமல் பார்த்துக்கொள். நான் அவ்வளவு கெட்டவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

ஷிஜு


கொச்சி,
20 அக்டோபர் 2024

ஜீனா,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. நாலு வரி திட்டியாவது எழுது.

புது ஆல்பத்துக்கு 'இழுப்பு' என்று பேர் வைக்கிறார்கள். நான் சொல்லவில்லை, கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது.

எனக்க அம்மை போனில் சரியாகப் பேசமாட்டேன் என்கிறாள். கேட்டால் "ஒண்ணுமில்ல மக்கா, நீ சாப்பிட்டியா" என்று வைத்துவிடுகிறாள். நீ போய் ஏதாவது சொன்னாயா? என்மேல் உள்ள கோபத்தை என்னிடம் தீர்த்துக்கொள். அம்மையை இதில் இழுக்காதே.

ஷிஜு


கொல்லயில்,
17 நவம்பர் 2024

ஷிஜு,

'அம்மையை இதில் இழுக்காதே.' இதை எழுதினது நீ. வாசித்துவிட்டு நான் தனியாக இருந்து சிரித்தேன்.

விழாக்காரர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: 'தங்கள் வாசிப்பு திறமையானது. எனினும் ஷிஜுவின் இழுப்பு பாணியை மிக நெருக்கமாகப் பின்பற்றுகிறது. தங்களுக்கென்று ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்க வாழ்த்துகள்.' போன வாரம் சபையில் வாசித்து முடித்ததும் பாடகர் குழுவில் இருக்கிற நிஜின், "சேச்சி, அச்சு அசல் ஷிஜு மாதிரியே வருது" என்று கை கொடுத்தான். அவன் பாராட்டுகிறான், பாவம். நான் கையைக் கொடுத்தேன். அப்புறம் கிட்டாரைத் தொடவில்லை.

உன் அம்மை அம்மிணி மாமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளைப் பார்க்கப் போனது எனக்க அம்மை. எட்டாம் தேதி கேபிள் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கோளாறு என்று அவளிடம் சொல்லி வைத்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பிந்து அக்கா அவள் போனுக்கு அந்தப் பேட்டியை அனுப்பிவிட்டாள். அம்மை இரண்டு தடவை பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் மக்கா, அம்மிணிக்கும் உண்டுமா இழுப்பு? எத்தன வருசப் பழக்கம், ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல்லியே" என்றாள். தன் கதைதான் அது என்று ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லை ஷிஜு. தன்னைப் போல இன்னொருத்தி உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே புது இன்ஹேலர் ஒன்றை வாங்கிக்கொண்டு அமரவிளைக்கு, உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டாள். தடுக்க முடியவில்லை, கூடப் போனேன். அம்மிணி மாமி தலையில் பசுவுக்குப் புல்லுக்கட்டோடு ஏற்றம் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒரு மூச்சு வாங்கவில்லை. அம்மை அவள் கையில் அதைக் கொடுத்து, "நாணப்படாத அம்மிணி. மூச்ச முழுசும் வெளிய விட்டுட்டு, அமுக்கிக்கிட்டே உள்ள இழுக்கணும், பத்து எண்ணுறது வர பிடிச்சுக்கிடணும்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

மாமி என்னைப் பார்த்தாள். அவளும் பேட்டியைப் பார்த்திருக்கிறாள், யாருடைய இழுப்பு என்று புரிந்திருக்கிறது, அது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. எனக்கு இழுப்பு கிடையாது எக்கா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும், என் பெயரும் வரும். சொல்லட்டும் சொல்லட்டும் என்று நான் உள்ளுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு வருசமா உண்டு எக்கா. நாணக்கேடா இருந்து, அதாக்கும் சொல்லாதது" என்றாள். சொல்லிவிட்டு அதை வாயில் வைத்து அடித்தாள். முறை தெரியாமல் புரையேறி இருமினாள், கண்ணெல்லாம் தண்ணீர். அம்மை அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது மாதம் ஒருதரம் அம்மை போகிறாள். உன் அம்மையும் சுகமான நெஞ்சுக்குள் அவள் முன்னால் மருந்தை அடித்துக் காட்டுகிறாள். ஞாயிறுதோறும் எங்கள் சபையில் 'சகோதரி அம்மிணியின் இழுப்பு நோய்க்காக' என்று ஜெபம் நடக்கிறது. நான் வாயைத் திறந்தால் இரண்டு ஊர் நடுவில் கள்ளியாக நிற்பது நீ இல்லை, அவள். எனக்கு ஒரு துரோகமும் செய்யாதவள் அவள் ஒருத்திதான். அவளை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நீ இதற்காகக் கெட்டுப்போக மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதை நினைத்தால்தான் பற்றி எரிகிறது.

கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன் என்றாயே, உண்மையில் எழுதியிருந்தால் வேண்டாம் என்று திரும்ப ஒரு கடிதம் போட்டுவிடு. அந்தப் பாட்டின் கீழே என் பெயர் வரக் கூடாது.

ஜீனா